கருகின சர்க்கரை

“நோயாளியைக் கோழி மாதிரி கூவச் சொல்வீங்களா, இல்ல குரங்கு மாதிரி குட்டிக்கரணம் போடச் சொல்வீங்களா?”

பேராசிரியர் தோனார் இப்படிக் கேட்டதும் ஆஸ்பத்திரிக் கூட்ட அரங்கில் சிரிப்பு வெடித்தது. லியேஜ் நகரத்துப் பெரிய டாக்டர்கள் அத்தனை பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். எதிரே நின்ற டாக்டர் ஒடில் மட்டும் சிரிக்கவில்லை. நேற்று வந்த மயக்க மருந்து டாக்டர், அதற்குள் ஆபரேஷன் அறையில் ஹிப்னாடிசத்துக்கு அனுமதி கேட்டு நிற்கிறாள். என்ன துணிச்சல்!

“பாரிஸ்ல ஒருத்தன் காந்தத்தைக் காட்டி ஊரையே ஏமாத்தினான். ராஜா கமிட்டி போட்டு அவன் சாயத்தை வெளுத்து இருநூறு வருஷமாச்சு. அப்புறம் இந்த வித்தை திருவிழாக் கூடாரத்துக்குப் போச்சு. அங்கேயே இருக்கட்டும், தாயே!”

மறுபடியும் சிரிப்பு. தோனாருக்கு உச்சி குளிர்ந்தது.

“முழு மயக்கத்தைத் தாங்காத இதயம் சில பேருக்கு இருக்கு, புரொஃபசர்” என்றாள் ஒடில். “வெட்டுற இடம் மரத்துப்போக ஒரு ஊசி, மத்ததுக்கு ஹிப்னாடிசம். இதுவும் வேண்டாம்னா அவங்களுக்கு ஆபரேஷனே கிடையாது. செத்துடுவாங்க.”

“சாகட்டுமே! உங்க மந்திரத்துல பிழைக்கிறதுக்கு அது எவ்வளவோ கௌரவம்.”

டை கழுத்தை இறுக்கியது. யாரோ முடிச்சைப் பிடித்து இழுப்பதுபோல் இருந்தது. பேச்சு வேகத்தில் அவர் அதைச் சட்டை செய்யவில்லை.

“அங்க என்ன வாசனை வருது, புரொஃபசர்?” என்று ஒடில் அமைதியாகக் கேட்டாள்.

திட்டு வாங்குகிறவள் கேட்கிற கேள்வியா இது? பைத்தியம்! ஆனாலும் வாசனை வரத்தான் செய்தது. தெருமுனை வாஃபிள் கடைக்காரன் சர்க்கரையைக் கருக விட்டிருக்கிறான், மடையன்.

“கருகின சர்க்கரை” என்றார் எரிச்சலோடு.

“நல்லது. அப்புறம் என்ன நடக்குது?”

என்ன நடக்கும்? “இந்த அம்மாவுக்கு அனுமதி கூடாதுன்னு சொல்றவங்க கையைத் தூக்குங்க!” என்றார். அரங்கம் முழுக்கக் கைகள் எழுந்தன. ஒடிலின் முகம் செத்துப்போயிற்று. அடடா, அதைப் பார்க்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும்!

“நிதானமா எண்ணுங்க, புரொஃபசர்.” குரல் காதருகே கேட்டது.

எண்ணினார். எட்டு... ஒன்பது... பத்து...

“போதும். இப்ப கண்ணைத் திறக்கலாம்.”

திறந்தார். அரங்கம் இல்லை, கைகள் இல்லை. தலைக்கு மேல் ஆபரேஷன் விளக்கு எரிந்தது. கருகின வாசனை மட்டும் இன்னும் இருந்தது. ரத்தக்குழாய்களைச் சுட்டு அடைத்த வாசனை அது. முகக்கவசத்தை இறக்கிவிட்டுக் குனிந்தார், தலை நரைத்த டாக்டர் ஒடில். மயக்க மருந்துப் பிரிவுக்கு இப்போது அவர்தான் தலைவர்.

“முழு மயக்கம் கொடுக்காமலே கழுத்துக் கட்டியை எடுத்தாச்சு. உங்க இதயமும் தாங்கிடுச்சு” என்றார். பிறகு கையுறையைக் கழற்றிக்கொண்டே கேட்டார்:

“வாழ்க்கையிலேயே சந்தோஷமான நாளைச் சொல்லுங்கன்னு காலையில கேட்டேனே, புரொஃபசர்... என்னை விரட்டின நாளை விட்டா உங்களுக்கு வேற நல்ல நாளே இல்லையா?”