வால்வு மாற்ற வந்தவன்

தல்லாகுளத்தில் அரிசி ஆலைக்காரர் அழகுராஜாவின் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியதும், மாடியிலிருந்து நாதஸ்வரம் கேட்டது. சூரியபிரகாஷ் ஹெல்மெட்டைக் கழற்ற மறந்து நின்றான். பாடுவது அவன் செய்த ஆம்பிளிஃபயர்தான், சந்தேகமே இல்லை.

அந்தக் குழைவும் நிதானமும் கடைச் சரக்கில் வருமா? கோரிப்பாளையத்து மாடி அறையில், மாதம் ஒரு பெட்டி, முழுக்க அவன் கைவேலை. விலை நாலு லட்சம்.

விற்பது கூட்டாளி முத்துப்பாண்டியின் பாடு. கஸ்டமர் பக்கம் தலைகாட்டாதே, மவுசு போய்விடும் என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தான். ஆனால் யார் எப்படிப் புகழ்ந்தார்கள் என்பதை மட்டும் ஒன்றுவிடாமல் வந்து சொல்வான். அழகுராஜாவின் மனைவி பாட்டுக் கேட்டுக் கண்கலங்கியதாக அவன் சொன்ன அன்றுதான், சூரியபிரகாஷ் சென்னை வேலையை உதறினான். மனைவி திவ்யா ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

இப்போது அதே கம்பெனி திரும்பக் கூப்பிடுகிறது. இன்றைக்குள் முடிவு சொல்ல வேண்டும். போய்விடலாம் என்றுதான் திவ்யா சொன்னாள். ஒரு வீட்டிலாவது தன் பெட்டி பாடுவதைக் காதால் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்று கிளம்பி வந்திருக்கிறான், முத்துப்பாண்டிக்குத் தெரியாமல்.

வந்ததற்குச் சாக்காகப் பையில் புது வால்வுகள், ஆம்பிளிஃபயருக்குள் பல்புபோல் எரியும் கண்ணாடிக் குழாய்கள். தினமும் பாட்டுக் கேட்டால் இரண்டு வருடத்தில் பழைய வால்வு மங்கிவிடும். மூன்று வருடமாகியும் ஒருவர்கூட மாற்றித் தரச் சொல்லி வரவில்லை. பெரிய மனிதர்கள், கேட்கக் கூச்சப்படுகிறார்கள் போலும் என்று நினைத்துக்கொண்டான்.

நாதஸ்வரம் உச்சிக்குப் போனது. அவன் அங்கேயே கம்பெனிக்குப் போன் போட்டு வரவில்லை என்று சொல்லிவிட்டான். அடுத்து வீட்டுக்கு.

"வேலை வேணாம்னு சொல்லிட்டேன் திவ்யா. நம்ம பெட்டி பாடுறத இப்பத்தான் கேக்குறேன்."

அவள் பட்டென்று போனை வைத்துவிட்டாள். வைக்கட்டும், பெட்டி பாடுகிறதே.

வந்தது யாரென்று தெரிந்ததும் அழகுராஜா அவனைக் கையோடு மாடிக்குக் கூட்டிப் போனார். நாதஸ்வரம் வந்துகொண்டிருந்தது ஜன்னலோரம் இருந்த உள்ளங்கை அகல ப்ளூடூத் ஸ்பீக்கரிலிருந்து. சூரியபிரகாஷுக்குக் காது இரண்டும் சுட்டது.

தன் பெட்டி எங்கே என்று கேட்டான். அவர் பெருமையாக பீரோவைத் திறந்து காட்டினார். உள்ளே அட்டைப்பெட்டி, அவன் ஒட்டிய டேப்கூட அப்படியே இருந்தது.

"பிரிக்கவே இல்லையாண்ணே?"

"பிரிச்சா விலை விழுந்துரும்னு உங்க முத்துப்பாண்டி வாங்குறப்பவே சொல்லிட்டாரே தம்பி. சீல் ஒடையாம இருந்தா வருசா வருசம் ஏறும்னாரு. ஏறத்தான் செய்யுது."

கண்கலங்கிய கதையெல்லாம் முத்துப்பாண்டி டீக்கடையில் உட்கார்ந்து கட்டியது. சூரியபிரகாஷுக்கு அது இப்போதுதான் புரிந்தது. இருந்தாலும் ஒரு நப்பாசை விடவில்லை.

"மத்தவங்க வீட்ல எப்படிண்ணே?"

அவன் முகம் வாடியதைப் பார்த்து அழகுராஜா ஆறுதலாகத் தோளில் தட்டினார்.

"கவலைப்படாதீங்க தம்பி, வாங்குன அம்புட்டுப் பேரும் பிரிக்காமத்தான் வச்சிருக்கோம்."