பூச்சு விரியும் சத்தம்

மெல்பர்ன் சோதனைக் கூடத்தின் ஜன்னலில் காலை வெயில் சாய்ந்து விழுகிறது. எஞ்சின் பாகங்களைச் சோதிக்கும் நொரீன் உலையைத் திறந்து, செக்கச்சிவந்த டர்பைன் தகடு ஒன்றை இடுக்கியால் வெளியே எடுக்கிறாள். எஞ்சின் நெருப்பு அதன் உலோகத்தைத் தின்றுவிடாமல் காப்பது மேலே இருக்கும் பீங்கான் பூச்சுதான், முட்டை ஓட்டைப் போல மெல்லியது. பக்கத்தில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு நிற்கிறார் டெஸ்மண்ட், மீட்பு ஹெலிகாப்டரின் விமானி. இது அவருடைய எஞ்சினிலிருந்து கழற்றிய தகடு. பார்வைக்குப் பழுதே இல்லாத ஒன்றைச் சந்தேகப்பட்டு ஹெலிகாப்டரைப் பறக்கவிடாமல் நிறுத்திவிட்டாள் என்று நேற்று போனில் அவளைக் கண்டபடி திட்டியவர். குளிர்காற்று தகட்டின்மேல் சீறுகிறது, சிவப்பு மங்குகிறது. தகட்டில் பொருத்திய கம்பி வழியே ஹெட்போனில் ‘டிக்’கென்று ஒரு சத்தம் வருகிறது, பிறகு சரசரவென்று பல. டெஸ்மண்டின் முகம் வெளுக்கிறது.

“யாரோ நகத்தால சுரண்டுற மாதிரி இருக்கே?”

“பூச்சு விரிசல் விடுது. உள்பக்கமா விடுது, அதான் கண்ணுக்குத் தெரியல.”

“இதோடயா கடல் மேல போயிருப்பேன்? கூட மூணு பேரு வேற.” ஹெட்போனைக் கழற்றுகிறார். “நேத்து நான் பேசினது...”

“முழுசாக் கேட்டேன். கேக்குறதுதானே என் வேலை.”

அவர் சிரிக்கப் பார்க்கிறார், முடியவில்லை. மூலைக்குப் போய்க் கெட்டிலை நிரப்புகிறார். அவளுடைய கோப்பையைத் தேடி எடுத்துக் கழுவுகிறார்.

“டீக்கு சர்க்கரை எவ்வளவு?”

“ரெண்டு.”

ஒரு துகள்கூடச் சிந்தாமல் இரண்டு கரண்டி போட்டு, நெடுநேரம் கலக்கிக்கொண்டே நிற்கிறார்.