ஞாயிற்றுக்கிழமைச் சத்தம்

"இன்னைக்கே உயிர் வரணும் தம்பி. நாளைக்குக் காலையில அவர் வந்துடுவாரு."

காரின் பானெட்டைத் தூக்கிப் பிடித்தபடி அவள் சொன்னாள். மெக்கானிக் தாங்குகம்பியை நிறுத்தி அவள் கையை விடுவித்தான்.

"அண்ணன் வந்து பாத்துக்கட்டுமேக்கா. பேட்டரி செத்ததுக்கு உங்களக் கடிச்சா திங்கப் போறாரு?"

அவள் சிரிக்கவில்லை. வாசல்படியில் உட்கார்ந்திருந்த சிறுமியும் சிரிக்கவில்லை. சிரிக்காமல் இருப்பதில் அம்மாவுக்கும் மகளுக்கும் ஒரே முகம்.

பேட்டரி முனைகளில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. வெந்நீர் ஊற்றி, கம்பி பிரஷ்ஷால் தேய்த்தான்.

"வாரம் தவறாம ஸ்டார்ட் பண்ணேனே," என்றாள். "ஞாயித்துக்கிழமை வெளியூர்லேருந்து போன் பண்ணுவாரு. பாப்பா போனை இன்ஜின்கிட்டப் பிடிக்கும். சத்தம் கேட்டதும் 'போதும், நிறுத்து'ன்னுடுவாரு."

"அதான் வினையே. ஸ்டார்ட் ஆகக் குடிச்ச கரண்டு திரும்ப ஏறுறதுக்குள்ள நிறுத்தினா, வாராவாரம் கொஞ்சம் கொஞ்சமா காலியாகிடும். வண்டின்னா ரோட்ல ஓடணும்க்கா."

"நகத்தக் கூடாதுன்னுட்டாரு. எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்குன்னு பாத்து வச்சிட்டுத்தான் போனாரு."

மெக்கானிக் பேட்டரி மூடிகளைத் திறந்தான். டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி மூடினான். தன் வேனிலிருந்து கேபிள் இழுத்து மாட்டிவிட்டு, சாவியைத் திருக உள்ளே உட்கார்ந்தான். முழங்கால் ஸ்டியரிங்கில் இடித்தது.

"அண்ணன் என்னைவிட நெட்டையாச்சே. சீட்டை யாரு இவ்ளோ முன்னால இழுத்தது?"

"கூட்டிப் பெருக்கினேன்," என்றாள், வேறெங்கோ பார்த்துக்கொண்டு.

இன்ஜின் இருமியது. அடங்கியது. பிறகு பிடித்துக்கொண்டது. சிறுமி எழுந்து நின்றாள்.

"ஒரு மணி நேரமாவது ஆஃப் பண்ணாதீங்க. நின்னா மறுபடி கிளம்பும்னு நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். நானே ஒரு சுத்து ஓட்டிட்டு வந்து விடட்டுமா?"

"வேண்டாம் தம்பி. நீங்க கிளம்புங்க."

வழக்கமான நேரத்துக்கு போன் அடித்தது. சிறுமி அதை அம்மாவின் காதருகே பிடித்தாள்.

"வண்டி ஸ்டார்ட் ஆச்சா?"

"ஆச்சு. சத்தம் கேக்குதா?"

"கேக்குது. போதும், நிறுத்து."

"இன்னைக்கு நிறுத்தக் கூடாதாம். மெக்கானிக் சொல்லியிருக்காரு."

"அவன் யாரு சொல்றதுக்கு? நான் சொல்றேன், நிறுத்து!" பிறகு அந்தக் குரல் சட்டென்று இறங்கியது. "அது என்ன ஹாரன் சத்தம்?"

இத்தனை வருடங்களில் அவளுடைய பதிலுக்காக அவர் காத்திருந்தது அதுதான் முதல் தடவை.

"பின்னால வர்ற லாரிக்காரர் வழி கேக்குறாரு."