பெயர் சொன்னால் டீ

புதுவாயலில் அஸ்கர் அலியின் பேனர் கடையில் ஒரு சட்டம் உண்டு. நிறத்தின் பெயரை யாரும் சொல்லக் கூடாது. கம்ப்யூட்டரில் எந்த நிறமானாலும் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றின் கலவைதான். ஒவ்வொன்றும் எவ்வளவு என்பதற்குப் பூஜ்யம் முதல் 255 வரை எண் உண்டு. அந்த எண்களைத்தான் சொல்ல வேண்டும். மறந்து பெயரைச் சொன்னவர் எல்லோருக்கும் டீ வாங்கித் தர வேண்டும்.

இந்தச் சட்டத்துக்காக டிசைனர் எட்வர்ட் தினமும் கர்த்தருக்கு நன்றி சொல்வான். அவன் கண்ணுக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்றுதான். அது தெரிந்துதான் கும்மிடிப்பூண்டி கம்பெனியில் அவனை வேண்டாம் என்றார்கள். இங்கே அதைப் பற்றி அவன் வாயைத் திறக்கவில்லை.

ஒருநாள் பழைய டிசைனர் தாஹா தன் கல்யாண பேனருக்காக வந்தான்.

"எட்வர்ட், பேரை நல்ல பச்சையில போடுப்பா."

"நம்பர் சொல்லுண்ணே. இல்லாட்டி டீ வாங்கணும்."

"இன்னா நம்பரு? இத்தினி வருஷம் இங்க குந்திக்கினு இருந்தேன், அப்படி ஒண்ணும் இல்லியே! இன்னா பாய், எப்பலேர்ந்து?"

அஸ்கர் அலி தலையைச் சொறிந்தார். "இவன் வந்த நாள்லேர்ந்து."

எட்வர்ட் மவுஸை விட்டுவிட்டு அவர் பக்கம் திரும்பினான். "பாய்... உங்களுக்குத் தெரியுமா?"

"கேட்டா நீ சங்கடப்படுவியேன்னு கேக்கல. ஒரு கால்ல சிவப்பு வாரு, இன்னொரு கால்ல பச்சை வாரு செருப்பு மாட்டிக்கினு நீ வேலை கேட்டு வந்தப்பவே தெரியும் நைனா!"