ஆளுக்கு ஒரு வாக்கியம்

"நம்ம பேச்சுல எல்லாத்துக்கும் 'இருக்கு'தான். ஆடு இருக்கு, மழை இருக்கு, மாமியார் இருக்காங்க. இங்கிலீஷ்ல அது செல்லாது. இது என்னுதுன்னு உரிமையாச் சொல்லணும். அதுக்குத்தான் 'ஹேவ்'. எங்கே, ஆளுக்கு ஒரு வாக்கியம் சொல்லுங்க. ஒண்ணே ஒண்ணு" என்றாள் டீச்சர் சல்தனத்.

நாரின் நகரத்துக்கு மேலே இருந்த அந்த மலை கிராமத்தில், வெளிநாட்டுப் பயணிகளுக்கு வீட்டில் அறை விடலாம் என்று கிளம்பிய பெண்கள் அத்தனை பேரும் பள்ளிக்கூட பெஞ்சுகளில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள்.

கடைசி பெஞ்சில் நூரைம். சித்தி பெர்மெத்துக்கு வீட்டில் பாடம் சொல்லிக்கொடுப்பவள் அவள்தான். 'ஐ ஹேவ் டூ டாட்டர்ஸ்.' காலையில் மாவு பிசைந்துகொண்டே பெர்மெத் அதைப் பிசகாமல் சொன்னாள். பெரியவள் நூரைம், மூத்த தாரத்தின் பெண். சின்னவள் தாலாய், பெர்மெத் பெற்றது.

பக்கத்து வீட்டு பூபுஷ் முதலில் எழுந்தாள்.

"ஐ ஹேவ் சிக்ஸ் ஷீப்."

"முந்தாநாள் ஒண்ணை ஓநாய் தூக்கிட்டுப் போச்சேடி?" என்றாள் முன் பெஞ்சுக்காரி ஒருத்தி.

"ஓநாய் வயித்துல இருந்தாலும் அது என் ஆடுதான்."

வகுப்பு சிரித்து ஓய்ந்தது. அடுத்து பெர்மெத்.

"ஐ ஹேவ் ஒன் டாட்டர்."

நூரைமுக்கு முகம் சுண்டிப்போயிற்று. பதற்றத்தில் மறந்துவிட்டாளோ? 'டூ' என்று வாயசைத்துக் காட்டினாள்.

பெர்மெத் அதைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே, "ஒன்" என்றாள் அழுத்தமாக.

"என்ன இருந்தாலும் சித்தி சித்திதான்" என்று பூபுஷ் முணுமுணுத்தது எல்லார் காதிலும் விழுந்தது.

நூரைம் பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். அழுகையை அடக்குவதே பெரும்பாடாக இருந்தது. வீட்டில் சொல்லும்போது இரண்டு, நாலு பேர் முன்னால் ஒன்றா?

டீச்சருக்கே பொறுக்கவில்லை. "வீட்டுல ரெண்டு பொண்ணாச்சே, பெர்மெத்?"

"ரெண்டுதான், டீச்சரம்மா. சின்னவ நான் பெத்தவ. அவ என் பொண்ணுன்னு இங்கிலீஷ்ல வேற சொல்லணுமா?" பெர்மெத் தலையை நிமிர்த்தி பூபுஷைப் பார்த்தாள். "பெரியவளைத்தான் ஊரே 'உன் பொண்ணில்லே'ங்குது. நீங்க குடுத்தது ஒரு வாக்கியம். அதை நூரைமுக்காகச் சொல்லிட்டேன்."