தூளியில் ஒரு மணி நேரம்

செண்பகவல்லி கண்ணை மூடித் தூங்கி மூன்று மாதமாகிறது. குழந்தையின் வயதும் அதுதான். அவள் உடுத்திக் கசங்கிய சேலையில் தூளி கட்டினால்தான் அது தூங்கும். இன்று மாமியார் பாசத்தோடு அந்தச் சேலையைத் துவைத்து, வாசனைத் திரவத்தில் முக்கிக் காயவைத்துக் கட்டிவிட்டார்.

“மல்லியப்பூ வாசத்துல அது அம்மாவ எங்க போயித் தேடும், அத்தை?”

“அழுக்குச் சேலைல பிள்ளையப் போட்டா ஊரு என்னைத்தான் பேசும்.”

ஊர் பேசுவது எதுவும் கேட்காதபடி குழந்தை அலறியது. கணவன் நெல்லையப்பன் அதைத் தோளில் போட்டு நடந்துகொண்டே யோசனை சொன்னான். “நீயே செத்த நேரம் உள்ள படு. உன் வாசம் ஏறட்டும்.”

“கொக்கி தாங்குமா?”

“எங்கப்பா மாட்டுனது. தாங்கும்.”

அவள் கால்களை மடக்கி ஏறிப் படுத்தாள். மாமியார் பழக்கதோஷத்தில் தூளியை ஆட்டினார். நாலாவது ஆட்டத்தில் உள்ளேயிருந்து குறட்டை வந்தது. குழந்தை அழுகையை நிறுத்திவிட்டுத் தூளியையே பார்த்தது.

ஒரு மணி நேரம் ஆயிற்று. வாசம் நன்றாக ஏறியிருக்கும். குழந்தை பசியில் விரலைச் சப்பத் தொடங்கியது.

“எழுப்பட்டுமாம்மா?” என்றான் நெல்லையப்பன்.

மாமியார் ஆட்டத்தைக் கொஞ்சம் கூட்டினார்.