மூக்குப் பாரம்

காரை மேடையில் ஏற்றி நிறுத்திவிட்டு அவர் என்னை இறங்கச் சொன்னார்.

"உம்மையும் ஏத்தினா மேடை தாங்காதப்பா."

பழைய கேலி. நான் இறங்கினேன்.

கோதுமைக் களஞ்சியத்துக்குப் பக்கத்தில் லொறிகளை நிறுக்கும் மேடை அது. மேடையில் எங்கள் கார். காருக்குப் பின்னால் கரவன். சக்கரம் பூட்டிய சின்ன வீடு. ஓய்வு பெற்றபின் கணவனும் மனைவியுமாக ஆஸ்திரேலியாவைச் சுற்றிப் பார்க்கவென்று வாங்கியது.

முதல் பயணம். மெல்பேர்ணைத் தாண்டி வெகுதூரம் வந்தபின், பெரிய லொறியொன்று எங்களை முந்தியது. கரவன் வாலை ஆட்டியது. காரையும் சேர்த்து இழுத்தது.

அவர் மெல்ல ஓரமாக்கினார். இறங்கிக் கரவனை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

அதனால்தான் இந்த மேடை.

மொத்த நிறை அளவுக்குள்தான் இருந்தது. அவருக்குப் பெருமை.

மேடையைப் பார்த்துக்கொள்ளும் பெண் மட்டும் திருப்தியில்லாமல் நின்றாள். வெயிலில் சிவந்த முகம். காரோடு பூட்டும் கரவனின் முன்முனையை, அதன் மூக்கை, கழற்றி, அதன் கீழே ஒரு சின்னத் தராசை வைத்தாள்.

மூக்கு காரின்மேல் அழுத்த வேண்டுமாம். எங்களுடையது அழுத்தவேயில்லை. பின்பக்கப் பாரம் அதைத் தூக்கிவிட்டதாம். இப்படியே போனால் அடுத்த லொறி முந்தும்போது கவிழ்ந்துவிடலாம் என்றாள்.

பின்னால் என்ன இருக்கிறது என்று கேட்டாள்.

பின்னால் குசினி இருந்தது. குசினிச் சாமான்களைக் குசினியில்தானே வைப்போம்.

அரிசி மூட்டை. மா அடைத்த தகரப் பேணிகள். தேங்காய்கள். கருங்கல் பூட்டிய கிரைண்டர்.

எல்லாவற்றையும் இறக்கினோம். அந்தப் பெருவெளியில், கோதுமைத் தூசியின்மேல், எங்கள் குசினி பரவிக் கிடந்தது. முறைக்குக் காத்திருந்த லொறிக்காரன் ஜன்னலால் எட்டிப் பார்த்துச் சிரித்தான். அவரும் சிரித்தார்.

கிரைண்டர் முன்னுக்குப் போகவேண்டும். கட்டிலுக்குக் கீழே.

நான் ஒரு பக்கம் பிடிக்கப் போனேன். விடவில்லை. உருண்டுபோகும் தேங்காய்களைப் பொறுக்கச் சொன்னார்.

குழந்தையைத் தூக்குவதுபோல் நெஞ்சோடு அணைத்துத் தூக்கிக்கொண்டு போனார். கட்டில் காலோடு சேர்த்துக் கயிற்றால் கட்டினார். முடிச்சின்மேல் முடிச்சு.

மற்றதையெல்லாம் திரும்ப ஏற்றினோம். மறுபடியும் மூக்கின் கீழே தராசு. அந்தப் பெண் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள். காரோடு கொளுவினோம்.

"இனிப் பயமில்லை. ஏறும்."

நான் ஏறி இருக்கைப் பட்டியைப் போட்டுக்கொண்டேன். அவர் கை கழுவப் பைப்படிக்குப் போனார்.

தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது.

ஓடிக்கொண்டேயிருந்தது.

தண்ணீருக்குப் பஞ்சமான ஊரில் இப்படித் திறந்துவிடலாமா என்று நினைத்தேன்.

பிறகு அந்தப் பெண் ஓடினாள்.

இதயம் என்றார்கள். ஆஸ்பத்திரி தூரம் என்றார்கள்.

காரியங்கள் எல்லாம் முடிந்தபின் மகன் சேந்தன் என்னையும் கூட்டிக்கொண்டு கரவனை எடுத்துவரப் போனான். அந்தப் பெண் அதை நிழலில் நிறுத்தி, சக்கரங்களுக்குக் கல் வைத்திருந்தாள். என் கையைப் பிடித்தாள்.

திரும்பும் வழியில் லொறிகள் முந்தும்போதெல்லாம் சேந்தன் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தான். கண்ணாடியில் பின்னால் பார்த்தான்.

கரவன் கோடு கிழித்ததுபோல் வந்துகொண்டிருந்தது.

கொஞ்சத் தூரத்தில் அவன் பிடி தளர்ந்தது. அதற்குப் பிறகு ஒரு கையால் ஓட்டினான். மற்றக் கையால் முகத்தைத் துடைத்தான்.

வீட்டு வளவில் நிறுத்தியதும் அரிசியை இறக்கினான். பேணிகளை இறக்கினான். பிறகு உள்ளே போய், கட்டிலடியில் குனிந்து, முடிச்சைத் தேடினான். அம்மாவுக்கு மாவரைக்கக் கிரைண்டர் தேவைப்படுமே என்றான்.

"அதைத் தொடாதை. மூக்கு லேசாப் போயிடும்."

இந்தக் கரவன் இனி எங்கும் போகாது என்பது அவனுக்குத் தெரியும். எனக்கும் தெரியும்.

அவன் கையை எடுத்துக்கொண்டான். கதவைச் சாத்தினான்.

தோசைமாவை நான் இப்போதும் கடையில்தான் வாங்குகிறேன்.